மறுவிதைப்புக்கு விதை மிச்சம் இருக்கிறதா?

கேள்வி: எங்கள் ஊரில் இருபது விவசாயக் குடும்பங்கள் சேர்ந்து விதை வங்கி நடத்துகிறோம். இந்த முறை முதல் மழைக்கு விதைத்த பயிர் கருகிவிட்டது. திரும்ப விதைக்க வங்கியில் விதை இல்லை. மிச்சமிருந்த பழைய விதையிலும் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. என்ன மாற்றம் செய்யலாம்?

பதில்: கையில் இருந்ததை எல்லாம் முதல் விதைப்புக்கே கொடுத்திருக்கிறீர்கள். மழை சொன்ன நேரத்துக்கு வராத காலத்தில், ஊர் விதை வங்கியின் முதல் வேலையே மறுவிதைப்புக்கு விதை கொடுப்பதுதான் என்பேன். மூன்றில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்துப் பூட்டி வையுங்கள். யார் கேட்டாலும், விதைப்புப் பருவம் முடிகிறவரை அதைத் தொடக் கூடாது.

அந்தப் பங்கு முதலில் விதைத்த அதே ரகமாக இருக்கத் தேவையில்லை. பருவத்தில் சில வாரங்கள் போன பிறகு 120 நாள் ரகத்தைப் போட்டால், பூக்கும் சமயத்தில் மண்ணில் ஈரம் இருக்காது. 90 நாளுக்குள் வரும் ரகங்களையும், குறைந்த ஈரத்தில் விளையும் பயறுகளையும் சிறுதானியங்களையும் அதில் வையுங்கள்.

அடுத்து, முளைக்காத விதை. இதற்குப் பெரும்பாலும் ஈரப்பதம்தான் காரணம். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படித்தான். குளிர்சாதன அறை இல்லாவிட்டாலும், காயவைப்பது நம் கையில் இருக்கிறது. காலை வெயிலில் மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி கிளறுங்கள். உச்சி வெயிலில் தகரத்தின் மேல் போட்டால் சூட்டிலேயே கரு செத்துவிடும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியின் கால்வாசி உயரத்துக்கு, நன்றாகக் காய்ந்த தூள் உப்பும், அதே அளவு விதையும் போட்டு, மூடிக் குலுக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் உடனே கட்டி வைக்காதீர்கள். தானிய விதை 12-க்குக் கீழே வர வேண்டும், இன்னும் இரண்டு மூன்று நாள் காயட்டும். எண்ணெய் வித்துக்கு அதைவிடக் குறைவான ஈரம் தேவை. அப்புறம்தான் காற்றுப் புகாத பாத்திரம். சாக்கில் வைத்தால் மழைக்கால ஈரத்தைத் திரும்ப உறிஞ்சிவிடும். ஈர விதையைக் காற்றுப் புகாமல் மூடுவது அதைவிட மோசம்.

கொடுப்பதற்கு முன், 100 விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 60 தான் முளைத்தது என்றால் வாங்குபவரிடம் சொல்லி, அதற்கேற்பக் கூடுதலாகக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைக்காதீர்கள். சிரியாவின் அலெப்போ அருகே இருந்த பெரிய விதைக் காப்பகத்தைப் போரினால் பயன்படுத்த முடியாமல் போனது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள விதைக் காப்பகத்தில் அந்த விதைகளின் பிரதிகள் இருந்ததால், 2015-இல் அங்கிருந்து விதையைத் திரும்ப எடுத்துப் பெருக்க முடிந்தது. உங்களுக்கு மேட்டில் இருக்கும் இரண்டு வீடுகள் போதும்.

வாங்கியதற்கு ஒன்றரை மடங்கு திருப்பித் தருவது நல்ல வழக்கம். ஆனால் இந்த முறை பயிர் கருகியவர்களிடம் கேட்காதீர்கள். அடுத்த அறுவடைக்குத் தள்ளி வையுங்கள். கடனுக்குப் பயந்து அவர்கள் ஒதுங்கிவிட்டால், அவர்கள் வயலில் மட்டும் இருக்கும் ரகங்களும் வங்கிக்கு வராமல் போய்விடும்.