யாரும் அழைக்காத திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நான் ஒரு கிராமச் சேகரத்தில், அதாவது சில சபைகள் சேர்ந்த பகுதியில், போதகர். விடிந்தால் போன்தான். கல்லறைத் தோட்டத்து வேலித் தகராறு, ஆலய மராமத்துக்கு சிமெண்ட், சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு எத்தனை மூட்டை அரிசி, செக்கில் கையெழுத்து, எல்லாம் என் தலையில். கமிட்டியில் ஒருவர் எதைச் செய்தாலும் குறை சொல்வார். தான் ஒரு துரும்பையும் அசைக்கமாட்டார். ஜெபிக்க நேரம் ஏது? வேதத்தைத் திறந்தால் சிமெண்ட் லாரி வந்து நிற்கிறது. போன திங்கட்கிழமை மட்டும் ஓர் அழைப்பும் இல்லை. ஞாயிறு பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுத்தேன், அப்புறம் இருப்புக்கொள்ளாமல் நானே பொருளாளருக்குப் போன் போட்டு மணல் வந்துவிட்டதா என்று கேட்டேன். அது கிடக்கட்டும். இப்படி ஒரு கமிட்டியை வைத்துக்கொண்டு எப்படி ஜெபிப்பது? அந்த மனிதரை எப்படிச் சமாளிப்பது?

- ஒரு போதகர்

அன்புள்ள ஐயா,

'அது கிடக்கட்டும்' என்று நீங்கள் தள்ளிவிட்ட திங்கட்கிழமையை என்னால் தள்ள முடியவில்லை. அன்று உங்கள் நேரத்தை யாரும் பறிக்கவில்லை. கமிட்டி இல்லை, லாரி இல்லை. நீங்களாகத்தான் எழுந்து போனீர்கள்.

ஓட்டத்துக்குப் பழகிய மனம் சும்மா உட்காரச் சொன்னால் தவிக்கும். அது அவிசுவாசம் இல்லை. ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் 'நான் இல்லாமல் நடக்காது' என்று ஒரு தெம்பு வருகிறதே, தேவசமுகத்தில் அது கிடைப்பதில்லை. அங்கே நீங்கள் போதகர் அல்ல, பிள்ளை. அதைத்தான் தவிர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பழியைக் கமிட்டிமேல் போட நான் உடன்படமாட்டேன். மாற்கு முதல் அதிகாரத்தில், இருட்டோடே எழுந்து ஜெபித்துக்கொண்டிருந்த இயேசுவிடம், எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து சொல்கிறார்கள். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். தேடியவர்களின் தேவை பொய்யல்ல. ஆனாலும் எங்கே போவது என்பதை அந்தத் தேவை தீர்மானிக்கவில்லை.

குறை சொல்பவரைப் பற்றி ஒன்றே ஒன்று. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ல், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறையிட்டவர்கள் கிரேக்க மொழி பேசிய யூதர்கள். பந்தி விசாரிப்புக்கு, அதாவது உணவு பங்கிடும் பொறுப்புக்கு, தெரிந்துகொள்ளப்பட்ட ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்களே. முறையிட்டவர்கள் பக்கமே பொறுப்பு போனதுபோலத் தெரிகிறது. மராமத்தை அந்த மனிதரிடமே கொடுங்கள். கணக்கைப் பொருளாளர் பார்க்கட்டும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் செக்கில் கையெழுத்துப் போடுங்கள். கொடுத்தபின் மணலை விசாரிக்காதீர்கள்.

ஜெபத்துக்கு ஒரு மணி நேரம் என்று தொடங்கினால் இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள். காலையில் 10 நிமிஷம் போதும். போன் வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும். மரணம், ஆஸ்பத்திரி என்றால் மட்டும் கூப்பிடட்டும். 13-ம் சங்கீதம் 6 வசனந்தான். வாய்விட்டு மெதுவாக வாசியுங்கள், வாரம் முழுக்க அதையே. ஞாயிறு பிரசங்கத்துக்கான பகுதி அங்கே வேண்டாம், நோட்டும் வேண்டாம்: நோட்டு இருந்தால் கை தானாக மூன்று தலைப்பு எழுதிவிடும். அரிசி ஞாபகம் வந்தால் ஒரு துண்டுச்சீட்டில் 'அரிசி' என்று மட்டும் எழுதிவிட்டு, விட்ட வசனத்துக்கே திரும்புங்கள். சலிப்பு வரும், எழுந்துவிடத் தோன்றும். எழாதீர்கள். அந்தச் சங்கீதத்தில் 'எதுவரைக்கும்' என்று தாவீது கேட்டதுபோல அந்தச் சலிப்பையே ஆண்டவரிடம் சொல்லுங்கள்.