வலி மாத்திரைக்குக் காவலாக கேஸ் மாத்திரை: எப்போது போட வேண்டும்?

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 62 வயது. முக்கூடல் பக்கம் கிராமம். சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால் மத்தியானம் வரை பீடி சுற்றுவார்கள். முட்டு வலிக்கு டைக்ளோபெனாக் 50 மில்லிகிராம் காலையும் இரவும் சாப்பிடுகிறார்கள். கூடவே கேஸ் மாத்திரையாக பான்டோபிரசோல் 40. பிரஷருக்கும் மாத்திரை உண்டு. ஆனாலும் வயிற்றெரிச்சல் போகவில்லை. அதிமதுரம் வயிற்றுப் புண்ணைத் தடுக்கும் என்று நிறைய ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்திருக்கின்றனவே, கேஸ் மாத்திரைக்குப் பதில் அதைக் கொடுக்கலாமா?

பதில்: பான்டோபிரசோலை அம்மா எந்த நேரத்தில் சாப்பிடுகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான வீடுகளில் சாப்பிட்டு முடித்ததும் வலி மாத்திரையோடு சேர்த்து ஒரே மடக்கில் விழுங்கிவிடுகிறார்கள். பலன் குறைவதற்கு அதுவே போதும். இரைப்பையின் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு உள்ளே போகும்போதுதான் அவற்றில் பெரும்பாலானவை ஓட ஆரம்பிக்கும். ஓடுகிற பம்பை மட்டும்தான் இந்த மருந்து பூட்டும். மருந்தோ சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். ஆகவே காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அரை மணி நேரத்தில் இட்லியோ பழைய சோறோ, அதற்குப் பிறகு வலி மாத்திரை. காலை 6 மணிக்கு மாத்திரையைப் போட்டு, ஒரு கடுங்காப்பியோடு இலை வெட்ட உட்கார்ந்து, 11 மணிக்குச் சாப்பிட்டால் பம்பு ஓடும் நேரத்தில் மருந்து தீர்ந்திருக்கும். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது; மேலுறை போனால் அமிலத்திலேயே மருந்து கெட்டுவிடும். முழுப் பலன் தெரிய 3 நாள் வரை ஆகும் என்பதால், வலி உள்ள அன்று மட்டும் போடுவது காவல் ஆகாது.

அந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. ஆஸ்பிரின் வகை மருந்துகள் உடம்பில் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-ல் காட்டியவர் பிரிட்டன் மருந்தியல் ஆய்வாளர் ஜான் வேன். 1982-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். டைக்ளோபெனாக்கும் அதே வகைதான். மூட்டில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் இந்த புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையில் சளிப்படலத்தையும் ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. மூட்டில் அடக்கினால் வயிற்றிலும் அடங்கும். மருந்து ரத்தத்தின் வழியாகவே இதைச் செய்வதால், "ஊசியாகப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது" என்பது தவறு. பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சிறுகுடலையோ சிறுநீரகத்தையோ அது காக்காது. டைக்ளோபெனாக் பிரஷரை ஏற்றுவதையும் தடுக்காது.

இனி அதிமதுரம். அந்தக் கட்டுரைகளில் பெரும்பகுதி எலிகளைப் பற்றியது. எலியைப் பட்டினி போட்டு, அதிமதுரச் சாற்றை முதலிலேயே கொடுத்து, பிறகு புண் வரவழைக்க எத்தனால் என்ற சாராயத்தையோ இண்டோமெதாசின் என்ற வலி மருந்தையோ புகட்டுவார்கள். சில மணி நேரத்தில் இரைப்பையை வெட்டி விரித்து, சிவந்த கீறல்களை அளப்பார்கள். அது நேர்மையான சோதனைதான். ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிற மனுஷிக்கு அது பதில் சொல்லாது. எத்தனை கட்டுரை வந்திருக்கிறது என்று எண்ண வேண்டாம். எலியா மனிதரா, எத்தனை பேர், எத்தனை வாரம், எண்டோஸ்கோப்பியில் (வயிற்றுக்குள் குழாய் விட்டு) புண்ணைப் பார்த்தார்களா என்று பாருங்கள். அதிமதுரத்திலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும், பிரஷரை ஏற்றும். அதிலிருந்து செய்த கார்பெனாக்சோலோன் ஒரு காலத்தில் வயிற்றுப் புண்ணுக்கு மருந்தாகவே இருந்தது. இதே தொல்லைகள் அதிலும் வந்தன. அம்மாவுக்கு வேண்டாம்.

டைக்ளோபெனாக் மாத்திரையே தொடர்ந்து தேவையா என்று, பிரஷர் சீட்டையும் காட்டி டாக்டரிடம் கேளுங்கள். முட்டுக்கு மட்டும்தான் வலி என்றால் 1% டைக்ளோபெனாக் ஜெல் நல்ல மாற்று. ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும். ஒரு முட்டுக்கு 2 முதல் 4 கிராம், நாளுக்கு 3, 4 முறை. விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம் என்பதால், பட்டாணி அளவு போதாது. புகையிலைத் தூள் போகக் கையைக் கழுவிவிட்டுத் தடவி, மறுபடியும் கழுவிவிட்டு இலையைத் தொடட்டும்.

மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தருகிற செட் மாத்திரை கூடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், இரண்டாவது வலி மாத்திரையும் இருக்கலாம். டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், ஐபுபுரோபென் எல்லாம் ஒரே குடும்பம். இரண்டைச் சேர்த்தால் புண்தான் கூடும்.

இந்த வயதில் வலியே இல்லாமலும் புண் வரும். மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தாலோ, காப்பித்தூள் போல வாந்தி வந்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்; சாப்பிடுகிறார்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

நேரத்தைச் சரிசெய்தும் 2 வாரத்தில் எரிச்சல் அடங்காவிட்டால் வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்குப் பரிசோதனை தேவைப்படலாம். அதற்கு 2 வாரம் முன்பே பான்டோபிரசோலை நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரக்கூடும். அந்த 2 வாரமும் வயிற்றுக்குக் காவல் கிடையாது. டைக்ளோபெனாக் மாத்திரையையும் சேர்த்தே நிறுத்திவிட வேண்டும்.