மாடுகளுக்குத் தானியம் போடுவதை விட்டுப் புல்மேய்ச்சலுக்குத் திரும்பினால் குடும்பப் பண்ணை பிழைக்குமா?

பிழைத்த பண்ணை ஒன்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், பிளஃப்டன். 1866 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் ஒயிட் ஓக் பாஸ்ச்சர்ஸ் பண்ணையை, நான்காம் தலைமுறைக்காரரான வில் ஹாரிஸ் 1995-இல் புல்மேய்ச்சலுக்குத் திருப்பினார். கொழுக்கவைக்கும் தொழுவங்களுக்குக் கன்றுகள் இரண்டடுக்கு லாரியில் நெடுந்தூரம் போகும். மேல்தட்டுக் கன்றுகளின் சாணமும் சிறுநீரும் கீழே நிற்பவற்றின் முதுகில் கொட்டும். அந்தக் காட்சி தன்னை உறுத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார். முதலில் தானியம், ஹார்மோன், ஆன்டிபயாட்டிக் நின்றன. பிறகு ரசாயன உரம்.

சூட்சுமம் புல்லில் அல்ல, புல்லுக்குக் கிடைக்கும் ஓய்வில் இருக்கிறது. மந்தையை ஒரு துண்டு நிலத்தில் நெருக்கி மேயவிட்டு, புல் மொட்டையாவதற்குள் அடுத்த துண்டுக்கு ஓட்டிவிட வேண்டும். மேய்ந்த இடம் மறுபடி தழைக்கும்வரை மாடு அங்கே கால்வைக்கக் கூடாது.

வருமானமா? பண்ணையிலேயே இறைச்சிக்கூடம் கட்டி, தங்கள் பெயரிலேயே கறி விற்கிறார்கள். ஆனால் இதே பண்ணையை வைத்து 2020-இல் வெளியான ஆய்வு, அதே அளவு கறிக்கு இந்த முறை வழக்கமான முறையைப்போல் இரண்டரை மடங்கு நிலம் கேட்கிறது என்கிறது. புல்மேய்ச்சலைப் புகழ்கிறவர்கள் பலர் இதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள்.