பதில்: அம்மம்மாட பழைய கதிரைகள என்ன செய்யலாம்?
தங்கச்சி, நாலு கதிரையிலயும் பிரம்பு பழுதாப் போச்சு, ஒன்டுக்குக் காலும் உடைஞ்சிட்டு, விறகுக்குக் குடுக்கவான்னு கேட்டிருந்தீங்க. ஐயோ குடுத்துராதீங்க, அது முதிரையோ தேக்கோ எண்டா இன்னொரு தலைமுறைக்கும் நிக்கும்! முதல்ல கவுத்துப் போட்டு கறையான் இருக்கான்னு பாருங்க.

பிரம்பு அறாம தொய்ஞ்சு மட்டும் கிடந்தா அடிப்பக்கம் ஈரத்துணி போட்டு நல்லா நனைச்சு நிழல்ல காய விடுங்க, காயக் காய இறுகும். அறுந்தத வெட்டி எடுத்துட்டு அந்த ஓட்டைக்குள்ள பூச்சாடிய இறக்கி விறாந்தையில வைங்க, எனக்குப் பிடிச்சது அதுதான். இன்னொன்டுக்குப் பலகை அடிச்சு, பஞ்சு வெச்சு, மருதமுனைக் கைத்தறித் துணிய இழுத்துக் கட்டினா ஹோலுக்கே வடிவு. கால் உடைஞ்சதுல முதுகுப் பக்கத்த மட்டும் அறுத்தெடுத்து சுவரில மாட்டுங்க, துவாய் போடலாம். மட்டக்களப்பு கல்லடியில கடல் காத்துக்கு இரும்பாணி துருப்பிடிச்சிரும், பித்தளை ஸ்குரூ வாங்குங்க.

ஒன்டு கவனம், பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், காஞ்சபடி உரசாதீங்க, தண்ணி தடவி உரசுங்க, பிள்ளைகள கிட்ட விடாதீங்க.