ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்: என்ன செய்யலாம்?

கேள்வி (ஹட்டன்): ஜப்பானிலிருந்து வந்த பாவித்த 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கருக்கும் கனச்சத்தம் தரும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்றை வாங்கினேன். ஆண்ட்ராய்ட் பாக்ஸை டீவியில் சொருகி, டீவியிலிருந்து ஆப்டிகல் வயரால் ரிசீவருக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் வருகிறது, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே சத்தம். தங்க முலாம் பூசிய, விலை கூடிய கேபிள் வாங்கினால் சரிவரும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கேபிளில் பிழையில்லை. படம் ஓடும்போது ரிசீவரின் முகப்பைப் பாருங்கள். 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மட்டும் காட்டினால் வருவது இடம், வலம் என்ற இரண்டு சேனல், அதாவது ஸ்டீரியோதான். 'ஆல் சேனல் ஸ்டீரியோ' மோடில் இருப்பதால் ரிசீவர் அதையே ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கு போடுகிறது.

சேனல்கள் தொலைவது பெரும்பாலும் டீவியில். நெட்பிளிக்ஸ் 5.1 ஒலியை டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் அனுப்புகிறது. ஆப்டிகல் வயரில் சாதாரண டால்பி டிஜிட்டல் போகும், டிடிஎஸ் போகும், பிளஸ் போகாது. அதனால் பல டீவிகள் அதை ஸ்டீரியோவாகச் சுருக்கி வெளியே விடுகின்றன.

ஆகவே டீவியை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். பாக்ஸின் எச்டிஎம்ஐ வயர் ரிசீவரின் இன்புட்டுக்கு. ரிசீவரின் அவுட்புட்டிலிருந்து டீவியின் 'ஏஆர்சி' (டீவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) எழுதிய துளைக்கு. பிறகு பாக்ஸின் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட் பகுதிக்குப் போய் சரவுண்ட் ஒலியை 'ஆட்டோ'வில் விடுங்கள். இப்போது ரிசீவர் 'டால்பி டிஜிட்டல் பிளஸ்' என்று காட்ட வேண்டும். அதற்குப் பதில் 'மல்டி சேனல்' என்று காட்டினாலும் நல்லதுதான். பாக்ஸே ஒலியைப் பிரித்து அனுப்புகிறது.

படம் வராமல் திரை கறுப்பாக நின்றால், ரிசீவர் பழையது, 4கே பாதுகாப்புப் பூட்டான எச்டிசிபி 2.2 அதில் இல்லை என்று கொள்ளுங்கள். பாக்ஸை 1080பி-க்கு இறக்கினால் படம் வரும். ரிசீவரில் எச்டிஎம்ஐயே இல்லையென்றால், பாக்ஸில் ஆப்டிகல் துளை இருக்கிறதா பாருங்கள். அதிலிருந்து நேரே ரிசீவருக்குக் கொடுத்து, ஒலி வடிவத்தை 'டால்பி டிஜிட்டல்' என்று மட்டும் வையுங்கள்.

யூடியூப்பை வைத்துச் சோதிக்காதீர்கள். அதில் பெரும்பாலானவை ஸ்டீரியோ. நெட்பிளிக்ஸில் ஆடியோ பட்டியலைத் திறந்து, மொழிக்குப் பக்கத்தில் '5.1' இருக்கிறதா என்று பாருங்கள். சில படங்களில் மூலமொழிக்கு 5.1 இருக்கும், தமிழ் டப்பிங்குக்கு இருக்காது.

இன்னொன்று, இதுதான் அவசரம்: ரிசீவரின் பின்பக்க லேபிளில் 100 வோல்ட் என்று இருந்தால், நம்முடைய 230 வோல்ட் பிளக்கில் நேரே சொருகினால் எரிந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோர்மர் வேண்டும். லேபிளிலுள்ள வாட்ஸைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக எடுங்கள். கேபிளுக்கு வைத்த காசு அதற்குப் போகட்டும்.

கேள்வி (பண்டாரவளை): அறை பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். பின் ஸ்பீக்கரை எங்கே வைப்பது?

பதில்: பின்சுவரில் வேண்டாம். பக்கச் சுவர்களில், உட்கார்ந்திருப்பவர் காதுக்குச் சற்றுப் பின்னால், காது மட்டத்திலிருந்து ஓரிரண்டு அடி மேலே மாட்டுங்கள். சிறிய ஸ்பீக்கர்களை மெனுவில் 'ஸ்மால்' என்று குறித்து, கனச்சத்தம் சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப்வூஃபர் பொதுச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. இரவில் 'நைட் மோட்' போட்டால் வெடிச்சத்தம் அடங்கும், பேச்சு தெளிவாகக் கேட்கும்.

இவ்வளவு நீளத்துக்கு 16 கேஜ் செம்பு வயர் போதும். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினாலும் கனச்சத்தம் செத்துவிடும். நுனியில் ஒரு சென்டிமீட்டர் உரித்தால் போதும், நன்றாக முறுக்கிவிடுங்கள். பிரிந்த ஒரு இழை பக்கத்து முனையைத் தொட்டாலே ரிசீவர் 'புரொடெக்ட்' காட்டி நின்றுவிடும். நம்முடைய பனியிலும் ஈரத்திலும் செம்பு பச்சை பிடிக்கும். கரகரப்பு கேட்டால் நுனியை வெட்டிப் புதிதாக உரியுங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி தொடங்குமுன் கரண்ட் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றினால், டிஷ் வயரால் வரும் மின்னல் எச்டிஎம்ஐ வழியே ரிசீவரையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கேள்வி (பதுளை): பெட்டியில் 'நெட்பிளிக்ஸ் 4கே' என்று போட்டிருந்த பாக்ஸில் படம் மங்கல், ஒலி ஸ்டீரியோ. கடையில் திருப்பி எடுக்கமாட்டோம் என்கிறார்கள்.

பதில்: நெட்பிளிக்ஸ் சான்று பெறாத பாக்ஸாக இருக்க வேண்டும். ரிமோட்டின் அம்புக்குறிக்கு அசையாமல் மவுஸ் கேட்டால், உள்ளே இருப்பது ஃபோனுக்கான ஆப். செட்டிங்ஸ் மாற்றி இதைத் திருத்த முடியாது. பற்றுச்சீட்டும் அந்த வாசகம் உள்ள அட்டைப்பெட்டியும் இருந்தால், இரண்டையும் படம் எடுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். விளக்கம் கேட்க 1977-க்கு அழைக்கலாம்.