ஃபைகஸ் ஆண்பால் இல்லை

வணக்கம் நண்பரே. அரச மரத்தின் லத்தீன் தாவரவியல் பெயர் ‘ஃபைகஸ் ரிலிஜியோசா’ என்றால், முதல் சொல் ‘அஸ்’ என முடிவதால் அடுத்ததும் ‘ரிலிஜியோசஸ்’ என்றுதானே வரவேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

ஈற்றை மட்டும் பார்த்து லத்தீனில் பால் சொல்ல முடியாது. மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பால், ஃபைகஸும் அப்படியே. பெயரடை பெயர்ச்சொல்லின் பாலைப் பின்பற்றும், ஓசையை அல்ல. நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்று ஒரே ‘நல்ல’வோடு வளர்ந்த நமக்கு இது பிடிபடச் சற்று நேரமாகும். அங்கே ஆண்பாலுக்கு ரிலிஜியோசஸ், பெண்பாலுக்கு ரிலிஜியோசா, இரண்டுமல்லாததற்கு ரிலிஜியோசம். எள்ளைப் பாருங்கள்: செசாமம் மூன்றாம் வகை, அதனால் ‘இண்டிகம்’. மாமரத்துக்கோ ‘இண்டிகா’.

‘ரிலிஜியோசா’வின் பொருள் ‘சமயப் பற்றுள்ள’, ‘புனிதமான’. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர். புத்தர் ஞானம் பெற்ற மரத்துக்கு அழகாகவே பொருந்துகிறது.

ஆலமரத்தின் பெயரில் வரும் ‘பெங்காலென்சிஸ்’ வேறு வகைப் பெயரடை. அது ஆண்பாலிலும் பெண்பாலிலும் மாறாது.