ஃபிளாஷை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள்: காப்பகத்து முதிய நாய்களைப் படமெடுக்க

கேள்வி: எங்கள் பகுதி நாய்க் காப்பகத்தில் வார இறுதிகளில் உதவி செய்கிறேன். தத்து கொடுப்பதற்காகப் படமெடுக்கும் பொறுப்பு என்னுடையது. குட்டிகளோடு சிக்கலில்லை. 10 வயதைத் தாண்டியவைதான் வெளியே வர மறுக்கின்றன. அறையில் ஒரு பெரிய ஜன்னலும் இரண்டு டியூப் லைட்டும் உண்டு. ஃபிளாஷ் போட்டால் மிரள்கின்றன, கண்ணும் பச்சையாக எரிகிறது. போடாவிட்டால் படம் கலங்கிவிடுகிறது. ஒரு கறுப்பு நாய் எத்தனை முறை எடுத்தாலும் இருட்டுப் பொதியாகவே விழுகிறது. 18-55 கிட் லென்ஸுடன் ஒரு பழைய டிஎஸ்எல்ஆரும் கைபேசியும் இருக்கின்றன. புது லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டியதில்லை, முதலில் படுக்கையை நகர்த்துங்கள். அதற்கு முன், ஃபிளாஷ் ஏன் வேண்டாம் என்பதைச் சரியாகப் புரிந்துகொள்வது நல்லது. வெளிச்சத்தை எங்கே வைப்பது என்ற விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு முறை ஃபிளாஷ் அடித்தால் நாயின் கண் கெட்டுப்போகாது. ஆனால் தெருவில் இடி, மின்னல், தீபாவளி வெடி எல்லாவற்றையும் பார்த்து வந்த நாய்க்குத் திடீர் வெளிச்சம் என்றாலே அடுத்து ஏதோ வெடிக்கப்போகிறது என்ற பயம். இது ஒன்று. நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் இருக்கிறது, பச்சை எரிவது அதனால். முதிய நாயில் இன்னொன்றும் சேரும். ஏழெட்டு வயதுக்கு மேல் கண்ணின் வில்லை நடுவில் இறுகி, நீலச் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். இது கண்புரை இல்லை, பார்வையை இது பெரிதாகக் கெடுப்பதில்லை. ஆனால் கேமராவின் பக்கத்திலிருந்தே நேராக வெளிச்சம் பாய்ந்தால் அந்தப் பூப்பு முழுவதும் ஒளிர்ந்து, நாய் குருடு என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார். வயதில் கருவிழித் தசை தேய்ந்து கண்பாப்பா சுருங்காமல் அகன்றே நிற்கும் நாய்களில் இது இன்னும் மோசம். ஆகவே ஃபிளாஷ் மட்டுமல்ல, உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் எந்த வலுவான வெளிச்சமும் இங்கே எதிரிதான். ஒளி பக்கவாட்டிலிருந்து வர வேண்டும்.

ஃபிளாஷை அணைத்துவிட்டேன் என்று பலர் நினைப்பார்கள், ஆனால் குவியம் (ஃபோகஸ்) பிடிக்க உதவும் ஆரஞ்சு விளக்கு முன்பக்கம் எரிந்துகொண்டே இருக்கும். மெனுவில் தேடி அதையும் அணையுங்கள். சில ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்கள் முழு ஆட்டோவில் இருட்டைக் கண்டால் தாமாகவே ஃபிளாஷைத் தூக்கிப் படபடவென அடிக்கும். ஆட்டோவை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இனி படுக்கை. நாய் எந்தச் சாக்கில், எந்தப் பாயில் படுக்குமோ, அதையே ஜன்னலிலிருந்து 1 முதல் 1.5 மீட்டருக்குள் கொண்டுவந்து போடுங்கள். முந்தின நாளே போட்டால் படமெடுக்கும்போது அது பழகிய இடமாகியிருக்கும். ஜன்னல் நாயின் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் ஜன்னல் சுவரை ஒட்டி உட்கார்ந்தால், நாய் உங்களைப் பார்க்க முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தின் பக்கம் திருப்பும். கண்ணில் ஜன்னலின் சிறு பிம்பம் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் இடம் சரி. மறுபக்கக் கன்னம் மிகவும் இருண்டால் அரை மீட்டர் தள்ளி வெள்ளை சார்ட் அட்டை ஒன்றைச் சாய்த்து வையுங்கள். தெர்மாகோல் இன்னும் நன்றாக ஒளியைத் திருப்பும்தான், ஆனால் உரசினால் கிறீச்சிடும், பயந்த நாய் அறையை விட்டே போய்விடும்.

நேர் வெயில் உதவாது. கம்பி நிழல் முகத்தில் கோடு போடும், நரைத்த மூஞ்சி வெளுத்துப்போகும். வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று புத்தகங்களில் இருக்கும். நம் ஊரில் அது முழு உண்மையில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலிலும் வெயில் இறங்கும். ஒரு பழைய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் கட்டிவிட்டால் போதும்.

பகல் வெளிச்சம் கிடைக்கும்போது டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு விளக்கின் நிறமும் கலந்தால் முகத்தில் பாதி நீலம், பாதி பச்சை. பிறகு எந்தச் செயலியாலும் அதைச் சரிசெய்வது கடினம். மழைநாளில் விளக்கு இல்லாமல் முடியாது என்றால் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடியில் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட டியூபும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுங்கும். அதைவிட வேகமாக எடுத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும், சில நேரம் குறுக்கே பட்டையாகவும் வரும். மின்விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் இறக்கை வெளிச்சத்தை வெட்டும், அதையும் பாருங்கள்.

இனி எண்கள். கலங்கலுக்குப் பெரும்பாலும் காரணம் ஷட்டர் வேகம்தான். அசையாமல் படுத்திருக்கும் நாய்க்கு 1/125 போதும். தலையைத் திருப்பும் நாய்க்கு 1/250 வேண்டும். இரைக்கும் நாய்க்கும் அதுவே குறைந்தபட்சம், ஏனென்றால் நாக்கோடு தலையும் ஆடும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், நாயின் அசைவை அல்ல. மேனுவலில் ஷட்டர் 1/250, கிட் லென்ஸை 50-55 மிமீ முனையில் வைத்து லென்ஸ் திறப்பு எஃப் 5.6 (எண் கூடினால் திறப்பு சிறுக்கும்), ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 6400. மேகம் இல்லாத நாளில் ஜன்னலருகே ஐஎஸ்ஓ 3200க்குப் பக்கத்தில் நிற்கும். புள்ளி புள்ளியாகத் தெரியுமே என்று பயப்படாதீர்கள். கைபேசித் திரையில் பார்ப்பவருக்குப் புள்ளி தெரியாது, கலங்கல் தெரியும்.

50 மிமீ எஃப் 1.8 லென்ஸ் வாங்கினால் ஐஎஸ்ஓ நன்றாக இறங்கும். ஆனால் அதை எஃப் 1.8இல் திறந்து 1 மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் 3 சென்டிமீட்டர்கூட இல்லை. நாட்டு நாயின் மூக்கிலிருந்து கண் வரை எட்டுப் பத்து சென்டிமீட்டர் வரும். மூக்கு தெளிவாகவும் கண் கலங்கியும் வரும் படங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. எஃப் 2.8க்கு மூடி 1.5 மீட்டருக்குப் பின்வாங்கினால் ஆழம் 9 சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும். உங்கள் கிட் லென்ஸ் அதே தூரத்தில், 55 மிமீ எஃப் 5.6இல் சுமார் 15 சென்டிமீட்டர் தருகிறது. அது ஏழை லென்ஸ்தான், ஆனாலும் இந்த வேலைக்கு அவ்வளவு மோசமில்லை. குவியப் புள்ளியை ஒன்றாகத் தேர்ந்து, உங்களுக்கு அருகிலுள்ள கண்ணில் வையுங்கள்.

கறுப்பு நாய்க்கு வருவோம். உங்கள் சட்டகத்தில் அனேகமாக ஜன்னலோ வெள்ளைச் சுவரோ சேர்ந்திருக்கும். கேமரா அதைக் கணக்கிட்டு மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது. பின்னணியில் ஒரு சணல் சாக்கையோ மங்கிய பச்சை, பழுப்புப் போர்வையையோ தொங்கவிட்டு, வெள்ளையை வெளியேற்றுங்கள். நாய் சட்டகத்தை நிரப்பியதும் நிலைமை தலைகீழாகும். கேமரா கறுப்பைச் சாம்பலாக்கப் பார்க்கும். அப்போது வெளிச்ச ஈடுகட்டலை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) −0.7க்கு இறக்குங்கள். ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய் நிரப்பினால் +0.7. கறுப்பு ரோமத்துக்கு உருவம் கொடுப்பது அதன் மேல் ஓடும் பளபளப்பு, அது பக்க வெளிச்சத்தில் மட்டுமே தெரியும். முகம் நரைத்த கறுப்பு நாய் என்றால் நரை வெளுக்காத அளவில் எடுத்து, உடலின் இருட்டைப் பிறகு தூக்குங்கள். ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா சுருக்கி மெருகேற்றாத மூலப் படமாக எடுத்தால் அதற்கு நிறைய இடம் இருக்கும்.

கைபேசியில் எடுப்பதானால் லென்ஸைத் துடைத்துவிட்டு 2 மடங்கு ஜூமுக்குப் போங்கள். கிட்டே போய் 1 மடங்கில் எடுத்தால் மூக்கு வீங்கித் தெரியும். கண்ணின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். நைட் மோடு வேண்டாம், அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒட்டுகிறது, அதற்குள் காது நகர்ந்துவிடும். போர்ட்ரெய்ட் மோடு மீசை மயிரையும் காது நுனியையும் வெட்டித் தள்ளும். கருத்தடை செய்த அடையாளமாகக் காதில் போட்ட வெட்டு தத்தெடுப்பவருக்குத் தெரிய வேண்டிய விஷயம், அதை இழக்கக் கூடாது.

நாயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். மூட்டு வலியுள்ள நாய் எழுந்தவுடன் விறைத்திருக்கும். ஐந்து நிமிடம் மெதுவாக நடக்கவிட்டுப் பிறகு தொடங்குங்கள். "உட்கார்" என்று கட்டளையிடாதீர்கள், இடுப்புக்கு அதுதான் வலி. படுத்தோ நின்றோ இருக்கட்டும். டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால் முகமே இறுகிவிடும், சாக்கு விரிப்பது அதற்கும் சேர்த்துத்தான். மேசை மேல் தூக்கி வைக்க வேண்டாம், நீங்கள் தரையில் முழங்கையூன்றிப் படுங்கள். கண்ணோரப் பீளையை ஈரப் பஞ்சால், கண்ணுக்கு ஒரு பஞ்சாகத் துடைத்துவிடுங்கள்.

காது கேளாத நாயைத் தூக்கத்தில் தொட்டு எழுப்பினால் பதறிக் கடிக்கக்கூடும். கொஞ்சம் தள்ளி நின்று தரையைத் தட்டுங்கள், அதிர்வில் எழும். அதன் பார்வையைத் திருப்ப, லென்ஸுக்கு மேலே கையசைவும் உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டும் போதும். துண்டைக் காட்டி எடுத்துவிட்டுப் பிறகு கொடுங்கள், கொடுத்துவிட்டு எடுத்தால் மெல்லும் வாயும் எச்சிலும்தான் கிடைக்கும். இரைக்கும் நாய்கூடப் புது வாசனையோ சத்தமோ பட்டால் ஒரு கணம் வாயை மூடும், அந்தக் கணத்துக்குக் காத்திருங்கள். பார்வையில்லாத நாய்க்கு மட்டும் முன்னே சொன்னதற்கு விலக்கு. அது அறையை நினைவில் வைத்து நடக்கிறது, அதன் படுக்கையை நகர்த்தாதீர்கள். திரையை விலக்கியும் அட்டையை வைத்தும் வெளிச்சத்தை அதனிடம் கொண்டுபோங்கள்.

உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு வெள்ளைவிழி தெரியப் பார்ப்பது, இவற்றில் எது வந்தாலும் கேமராவைக் கீழே வையுங்கள். 10 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

ஒரு நாய்க்கு மூன்று படம் போதும்: முகம், பக்கவாட்டில் முழு உடல், உயரம் தெரிய ஒருவர் காலருகே நிற்பது. கண்ணிலுள்ள நீலப் பூப்பைச் செயலியில் அழிக்காதீர்கள். நேரில் வருபவர் ஏமாந்ததுபோல் உணர்வார், நாய்தான் திரும்பி வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் அது சுருக்கியே அனுப்பும்.